காட்டுயிருக்காக ஒரு மாநிலத்தையே திரட்டுவது எப்படி? ஊர்க் கண்மாயிலிருந்து சட்டமன்றம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்ததுபோல இருந்திருக்கும்.

ஆனால், அந்த வேலை பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த வட்டாரத்திலுள்ள அரிட்டாபட்டி 2022-லேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கும் முன்பே பறவை ஆர்வலர்கள் அந்த மலைகளில் ஏறி இறங்கி, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு உட்பட ஏறத்தாழ 250 பறவையினங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். தொல்லியல் ஆர்வலர்கள் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டையும் சமணர் படுக்கைகளையும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலையும் பற்றி எழுதியும் பேசியும் வந்தார்கள். ஊற்றுகளும் கண்மாய்களும் எவ்வளவு முக்கியம் என்பது விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ஆபத்து வந்த அன்று எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்க முடிந்தது.

இந்த வழிகாட்டி அந்த முன்வேலையைப் பற்றியது. நீங்கள் ஒரு பறவை ஆர்வலர் குழுவாக இருக்கலாம், பள்ளி இயற்கை மன்றமாக இருக்கலாம், ஊர் இளைஞர் மன்றமாக இருக்கலாம். கையில் பணம் அதிகம் தேவைப்படாது. பொறுமைதான் அதிகம் தேவைப்படும்.

1. ஓர் உயிரி, ஓர் இடம், ஒரு கோரிக்கை

“வன உயிர்களைக் காப்போம்” என்று பதாகை பிடித்தால் எதிர்ப்பவர் யாரும் இல்லை. அதனாலேயே அதற்காக வேலை செய்பவரும் இல்லை. யார், எந்தக் காகிதத்தில், என்ன கையெழுத்து போட வேண்டும் என்று சொல்ல முடிந்தால்தான் அது கோரிக்கை.

பாறு கழுகுகளின் கதை இதற்கு நல்ல பாடம். மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. நாடு முழுவதும் பாறு கழுகுகள் செத்து மடிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆனாலும் மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாடுகளுக்குப் போடுவது நிற்கவில்லை. அதன்பின் கோரிக்கை இன்னும் கூர்மையானது: மனிதர்களுக்கான ஊசி மருந்தை ஒருமுறை போடும் சிறு குப்பியில் மட்டும் விற்க வேண்டும். 2015-ல் அது 3 மில்லி என்று வரையறுக்கப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. குப்பியின் அளவு வரை இறங்கிப் பேசியவர்களால்தான் மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறு கழுகு பறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கோரிக்கையை எழுதும்போதே அது எந்த மேசைக்குப் போக வேண்டும் என்றும் பார்த்துவிடுங்கள். சரணாலயம் அறிவிப்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. மருந்துத் தடை ஒன்றிய அரசின் வேலை. கண்மாய்க்கரையில் குப்பை கொட்டுவதை நிறுத்த ஊராட்சியே போதும். தவறான மேசையில் மனு கொடுத்தால் ஆறு மாதம் கழித்து “எங்கள் வரம்பில் இல்லை” என்ற பதில் வரும். அதற்குள் கூட வந்தவர்கள் சோர்ந்துபோவார்கள்.

2. முதலில் நஷ்டப்படுகிறவரிடம் போங்கள்

எல்லா நிலைகளிலும் இதுதான் கடினமானது, இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். காட்டுயிர் மீது அன்பு உள்ளவர்களைத் திரட்டுவது எளிது. ஆனால் தாளவாடியில் மக்காச்சோளத்தை யானைக்குப் பறிகொடுத்த விவசாயியும், காட்டுப்பன்றி கிளறிப்போட்ட நிலக்கடலைக் கொல்லையில் நிற்பவரும் உங்களுக்கு எதிராக இருந்தால், மாநிலம் முழுக்கக் கையெழுத்து வாங்கினாலும் அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. உங்கள் பக்கம் வர மாட்டார். அவருக்கு வாக்குப் போடுகிறவர் அந்த விவசாயி.

முதல் சில சந்திப்புகளில் துண்டுப் பிரசுரம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். யானை எந்த மாதத்தில் வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது, போன முறை என்ன போயிற்று, இழப்பீடு கேட்டாரா, கிடைத்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இழப்பீட்டு மனு பாதியில் நிற்கிறது என்று தெரிந்தால், அதற்கு உதவுவதிலிருந்து தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, சேதத்தின் புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தக நகல் என்று ஏதாவது ஒன்று குறைவதால் நின்றுபோன மனுக்கள் ஏராளம். ஒருவருக்குப் பணம் வந்து சேர்ந்தால் அடுத்த கூட்டத்துக்கு அவரே பத்துப் பேரை அழைத்து வருவார்.

வால்பாறை இதற்கு முன்னுதாரணம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு யானைக் கூட்டங்கள் தோட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே உயிரிழப்புகள் பெரும்பாலும் யானை அங்கே நிற்பது தெரியாமல் மாலை நேரத்தில் நடந்து போனவர்களுக்கு நேர்ந்தன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து செய்த வேலை இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. மாலையில் யானை எங்கே நிற்கிறது என்பதை உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடவிட்டார்கள். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். முக்கியமான இடங்களில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பதிவு செய்த எண்ணிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் கைப்பேசியில் அழைத்தால் விளக்கு எரியும். பேருந்திலிருந்து இறங்கும் தொழிலாளி நிமிர்ந்து பார்க்கிறார். சிவப்பு எரிந்தால் அந்தப் பாதையில் நடக்க மாட்டார். விளக்கைப் போடும் பொறுப்பு அங்கே குடியிருப்பவரிடம் இருப்பதுதான் இதில் முக்கியம். தன் ஊரார் உயிரைக் காக்கும் வேலை என்பதால் அவர் அதைச் செய்கிறார், அதனாலேயே யானைக்கும் நிம்மதியாக வழி கிடைக்கிறது.

உங்கள் ஊரில் இதற்கு நிகரான ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அது கிடைக்கும்வரை மூன்றாம் நிலைக்குப் போகாதீர்கள்.

3. ஏற்கெனவே காப்பவர்களைத் தேடுங்கள்

தமிழ்நாட்டில் பாதுகாப்பு என்பது வனத்துறையோடு பிறந்ததில்லை. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று முறையிட்டு, அதற்கு 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியரிடமிருந்து எழுத்துப்பூர்வமான உரிமை வாங்கியவர்கள். ஏரியில் பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே பறவை கூடு கட்டும்; கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்து விடுகிறவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். பாக் விரிகுடாவில் வலையில் சிக்கிய ஆவுளியாவை (கடற்பசுவை), வலையை அறுத்து நஷ்டத்தோடு கடலில் விடும் மீனவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் அங்கே 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசு பாதுகாப்பகம் அறிவிக்க முடிந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

உங்கள் மாவட்டத்திலும் இப்படி ஓர் ஊர் இருக்கும். கோயில் காடாக இருக்கலாம், மீன் பிடிக்காத தெப்பக்குளமாக இருக்கலாம், வௌவால்களுக்காக வெடி போடாத ஆலமரத்தடியாக இருக்கலாம். அங்கே போய் அந்த ஊர்ப் பெரியவரை உங்கள் மேடைக்கு அழைத்து வாருங்கள். சென்னையிலிருந்து வரும் நிபுணர் ஒரு மணிநேரம் பேசுவதைவிட அந்த அம்மாவோ ஐயாவோ ஐந்து நிமிடம் பேசுவது அடுத்த ஊரில் வேலை செய்யும்.

4. எண்ணச் சொல்லிக்கொடுங்கள்

ஒருவரைக் காட்டுயிர் பக்கம் திருப்ப எனக்குத் தெரிந்த மிக எளிய வழி, அவர் கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து எண்ணச் சொல்வது. பார்வையாளராக வந்தவர் அன்றே சாட்சியாகிவிடுகிறார்.

2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இதற்கென்றே அமைந்தது. பொங்கலை ஒட்டிய நான்கு நாள்களில் வீட்டுத் தோட்டமோ, வயலோ, கண்மாயோ, எங்கேயாவது குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிவேற்ற வேண்டும். அவ்வளவுதான். ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகள், மாமா, அத்தை எல்லோரும் சேரலாம்.

முதல் நடையை நடத்தும்போது கவனிக்க வேண்டியவை: பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். மூன்று பேருக்கு ஓர் இருநோக்கியாவது இருக்கட்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் பறவை வெறும் கறுப்பாகத் தெரியும், புதியவர் ஆர்வம் இழப்பார். அரிய பறவையைத் தேடி அலையாமல் நீர்க்காகம், முக்குளிப்பான், மீன்கொத்தி என்று கண்முன் இருப்பதை நிதானமாகக் காட்டுங்கள். ஊர்க்காரர் சொல்லும் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் முடிந்ததும் அதை உரக்கப் படியுங்கள். தங்கள் கண்மாயில் நாற்பது வகைப் பறவை இருப்பது தெரிய வரும்போது அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பாருங்கள்.

எண்ணிக்கையைக் கையாள்வதில் நேர்மை வேண்டும். ரூ.25.14 கோடியில் தொடங்கிய நீலகிரி வரையாடு திட்டத்தில், 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும் 2025-ல் 1,303-ம் பதிவாயின. இரண்டாவது முறை கணக்கெடுத்த பகுதிகளும் அதிகம். “ஓராண்டில் இத்தனை கூடிவிட்டது” என்று தலைப்புப் போட்டால் கைதட்டல் கிடைக்கும். அடுத்த ஆண்டு எண் குறைந்தால் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

5. காடே இல்லாத மாவட்டத்துக்கு என்ன சொல்வது?

மாநில அளவில் ஆதரவு வேண்டுமென்றால் நீலகிரியும் ஆனைமலையும் மட்டும் போதாது. சட்டமன்றத்தில் பெரும்பாலான உறுப்பினர்கள் புலியோ யானையோ இல்லாத தொகுதிகளிலிருந்து வருகிறவர்கள். அங்கே தண்ணீரைப் பேசுங்கள். தாமிரபரணி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மலைகளில் பிறந்து தூத்துக்குடி வரை போகிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. வரையாடு மேயும் புல்வெளியும் அதை ஒட்டிய சோலையும் மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையிலும் ஓடைக்கு விடுகின்றன. மதுரையிலும் தூத்துக்குடியிலும் குழாயைத் திறக்கிறவருக்கு இந்தத் தொடர்பு பெரும்பாலும் தெரியாது. ஆற்றின் வழியை வரைந்த ஒரு வரைபடம், மேலே புலி, கீழே அந்த ஊரின் மேல்நிலைத் தொட்டி: ஒரு பள்ளிச் சுவர் போதும்.

சென்னைக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது, பங்குனி ஆமை என்னும் கடலாமை இருக்கிறது. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறது. அந்த நடையில் கலந்துகொண்டு பிறகு வேறு வேறு துறைகளுக்குப் போனவர்கள் இன்று தமிழ்நாட்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்பில் எங்கும் இருக்கிறார்கள்.

எதிர்பாராத கூட்டாளிகளையும் இங்கேதான் தேட வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைகள் சிக்கி இறப்பது இழுவைப் படகுகளின் வலையில்தான். அந்தப் படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது ஏற்கெனவே தமிழ்நாட்டில் சட்டம். அந்த விதியை நடைமுறைப்படுத்தச் சொல்லி நாட்டுப்படகு மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள், ஏனென்றால் இழுவைப் படகு அவர்களுடைய வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது. ஆமைக்காகப் பேசுகிறவரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்திட முடியும். விவசாய சங்கம், வணிகர் சங்கம், கோயில் கமிட்டி, ஜமாத், பங்குத்தந்தை என்று ஒவ்வொரு கதவையும் இப்படிப் பொதுவான ஒரு தேவையோடு தட்டுங்கள்.

அக்கறையே இல்லாதவர்களையும் மறந்துவிட வேண்டாம். காட்டில் வீசப்படும் மதுப் பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக ரூ.10 வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. யானை மேல் அன்பு வைக்கும்படி யாரையும் அது கேட்கவில்லை; பாட்டில்கள் திரும்பி வந்தன.

6. சொல்லும் விதம்

சுருக்கமாகச் சில விதிகள். தேவாங்கு, கூட்டில் இருக்கும் வல்லூறு, ஆமை முட்டையிட்ட இடம் ஆகியவற்றின் சரியான இருப்பிடத்தை ஒருபோதும் வெளியிடாதீர்கள். தேவாங்கு மூடநம்பிக்கைக்காகப் பிடிக்கப்படுகிற விலங்கு. அதற்காகவே 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பாம்பைக் கையில் பிடித்து நிற்கும் படம் வேண்டாம். “ஊருக்குள் புகுந்த சிறுத்தை அட்டகாசம்” என்று செய்தி வந்தால் அந்த நிருபரைத் திட்டாமல், அடுத்த நாள் நேரில் பார்த்து, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். மாவட்டப் பதிப்புக்கு எழுதும் உள்ளூர் நிருபருக்குச் செய்தி தேவை. உங்கள் கணக்கெடுப்புப் பட்டியல், அதில் ஒரு நல்ல படம், ஊர்க்காரர் ஒருவரின் பேச்சு ஆகிய மூன்றையும் மாலை 4 மணிக்குள் கொடுத்தால் அச்சில் வர வாய்ப்புண்டு.

7. ஆதரவைக் காகிதமாக்குங்கள்

வாட்ஸ்அப் குழுவில் ஆயிரம் பேர் இருப்பதை எந்த அரசாணையும் மேற்கோள் காட்டாது. ஊராட்சித் தீர்மானத்தைக் காட்டும். அரிட்டாபட்டி சுற்றுவட்டாரத்தில் ஊராட்சி ஊராட்சியாக நிறைவேறிய கிராம சபைத் தீர்மானங்கள் போராட்டத்துக்கு முதுகெலும்பாக இருந்தன.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் கொடுத்துவிடுங்கள். ஏரியின் பெயர், புல எண், பரப்பு, அங்கே பதிவான உயிரினங்களின் எண்ணிக்கை, என்ன வேண்டும், யாரிடம் வேண்டும் என எல்லாம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கப்பட்டுக் கைதூக்கியதோடு எழுந்து போய்விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்படும்வரை நின்று, கையெழுத்தான நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த நகல் பின்னாளில் நீதிமன்றத்திலும் பேசும்.

அதோடு, 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் குழு பெயரளவில் மட்டும் இருக்கும். பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். வெறுமையாக இருந்தால் நிரப்பும் பணியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கோரும்போது அந்தப் பதிவேடு உங்களுக்குப் பெரும் துணை.

இப்படிப் பத்து ஊராட்சிகளின் தீர்மானங்கள் சேர்ந்ததும் திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியரிடம் கொடுத்து, நகலோடு எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். வனத்துறைக்கான நிதி ஒதுக்கீடு (மானியக் கோரிக்கை) சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வரும் முன்பே அவரைச் சந்திப்பது நல்லது. அவர் பேசுவதற்கு இரண்டு நிமிடக் குறிப்பைத் தயாராகக் கொடுங்கள். எண்கள் சரியாக இருக்கட்டும்.

8. கெட்ட நாள் வரும்போது

யானை மிதித்து ஒருவர் இறந்துபோகும் நாள் வரும். அன்று சமூக ஊடகத்தில் “காடு யானையின் வீடு” என்று எழுதாதீர்கள். அந்த வீட்டுக்குப் போங்கள். முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று என்று அந்தக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும். உங்களில் ஒருவர் கூடவே அலையட்டும். யானையைப் பற்றிப் பேச வேறு நாள் இருக்கிறது.

மேலிருந்து வரும் உத்தரவுகளும் கெட்ட நாளைக் கொண்டுவரலாம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குச் சூழல் கூருணர்வு மண்டலம் (சில கட்டுமானங்களும் தொழில்களும் கட்டுப்படுத்தப்படும் பகுதி) கட்டாயம் என்றதும் கேரளத்தின் வயநாட்டிலும் இடுக்கியிலும் கடையடைப்பு நடந்தது. வீடு போய்விடும், பட்டா போய்விடும் என்ற அச்சம் காட்டுத்தீயாகப் பரவியது. 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்த உத்தரவைத் திருத்தியது. எது தடை, எது தடை இல்லை என்று முதல் வாரத்திலேயே வீடு வீடாகச் சொல்ல ஆளிருந்தால் அச்சம் அந்த அளவுக்குப் போயிருக்காது. ஆகவே நீங்கள் கேட்கும் சரணாலயத்தில் மேய்ச்சல் நிற்குமா, விறகு எடுக்கலாமா, கோயில் திருவிழா நடக்குமா, 2006 வன உரிமைச் சட்டப்படி பழங்குடி மக்களுக்கு உள்ள உரிமை என்னவாகும் என்ற கேள்விகளுக்கான விடையை அரசிடமிருந்து எழுத்தில் வாங்கி, கோரிக்கை வைப்பதற்கு முன்பே ஊரில் படித்துக் காட்டுங்கள். பதில் ஊருக்குப் பாதகமாக இருந்தால் கோரிக்கையை மாற்றுங்கள். சரணாலயத்துக்குப் பதில் பாரம்பரியத் தலம், சமூகக் காப்பகம் போன்ற வேறு வடிவங்களும் சட்டத்தில் இருக்கின்றன.

9. அறிவிப்பு வந்த பிறகு

அரசிதழில் அறிவிப்பு வந்ததும் எல்லைக் கற்கள் நடப்பட்டனவா என்று பாருங்கள். எல்லை வரைபடத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒதுக்கிய நிதி எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கேளுங்கள். வரையாட்டுக்கு அக்டோபர் 7 இருப்பதைப்போல உங்கள் உயிரிக்கும் ஒரு நாளை ஊரோடு பேசி முடிவு செய்து, அன்று பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். முதல் கணக்கெடுப்பு நடந்த அதே வாரத்தில், அதே கரையில், அதே நேரத்தில் மறுபடியும் எண்ணுங்கள். ஊராட்சித் தலைவர் மாறியிருந்தால் பழைய தீர்மானத்தின் நகலோடு புதியவரைப் போய்ப் பாருங்கள். அடுத்த கிராம சபையில் அதை மீண்டும் உறுதிப்படுத்தி எழுதி வாங்கிவிடுங்கள்.